சத்தமில்லாத காடி

என் தாய்மாமாவைப் பொறுத்தவரை உலகத்தில் உள்ள எல்லாக் கஷ்டங்களுக்கும் ஒரே காரணம்தான்: அடைப்பு. அப்பாவுக்குப் பதவி உயர்வு வராததற்கும், எனக்குக் கணக்கு ஏறாததற்கும், சாயங்கால நேரத்தில் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாக வருவதற்கும் அவர் அந்த ஒரு நோயைத்தான் கண்டுபிடித்து வைத்திருந்தார். "எங்கியோ அடைச்சிக்கிட்டு இருக்குக்கா, எடுத்து விட்டா சரியாயிடும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவள் பொரித்து வைத்த வாழைப்பழத்தில் பாதியை முடித்துவிடுவார். மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் ஓர் எக்ஸோஸ் கடையில் அவருக்கு வேலை. தூக்கி நிறுத்திய வண்டிகளுக்கு அடியில் நின்றுகொண்டு, புகை போகும் குழாயை அறுப்பதும் வளைப்பதும் வெல்டிங் வைப்பதுமாகப் பொழுது போகும். காலையிலிருந்து மாலைவரை அடைப்பையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வேறு என்ன தோன்றும்?

அப்போது எனக்குப் பத்து வயது. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. பாக்கார் ஆராங்கில், தாமான் என்று சொல்லும் குடியிருப்பில், ஒரு வரிசை வீட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். அப்பா ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினார். அம்மா கையுறை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. மாமா மெர்போக்கில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். அம்மாவையும் அவரையும் பெற்றவர்கள் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, தோட்டம் கைமாறியபோது வெளியேறி, சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டவர்கள். அதனால் மாமாவுக்கு அக்காதான் எல்லாம்.

எங்கள் வீடு அம்மாவின் ஞாபகத்தின்மேல் நின்றுகொண்டிருந்தது. அவள் எதையும் எழுதி வைத்ததில்லை. பாசாருக்குச் சீட்டு இல்லாமல் போய், ஒன்றும் விடாமல் வாங்கி வருவாள். காரின் சாலை வரி எப்போது முடிகிறது, பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவருக்கு எந்தக் கிழமை கிளினிக், போன தீபாவளிக்கு யார் எங்களுக்கு என்ன கொடுத்தார்கள், எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. நான் மூன்றாம் ஆண்டில் எந்தப் பெருக்கலைத் தப்பாகப் போட்டேன் என்பதுகூட. இது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய தொல்லை என்பதை அனுபவித்தவர்கள்தான் அறிவார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் காரைக் காடி என்போம். எங்கள் காடி என்னைவிட ஐந்து வயது மூத்தது. பின்னிருக்கைக்குக் கீழே தரை துருப்பிடித்து, ஒரு முட்டை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதன்மேல் அப்பா ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டிருந்தார். யாரும் பார்க்காதபோது நான் அதைத் தூக்கிவிட்டு, கீழே தார்ச்சாலை ஓடுவதை வேடிக்கை பார்ப்பேன். மேடு ஏறும்போது காடி முனகும். அந்த முனகலைக் கேட்ட நாளிலிருந்து மாமாவுக்குக் கை பரபரத்தது.

"எக்ஸோஸ் அடைச்சிருக்கு மச்சான். ஒரு ஞாயித்துக்கெழமை கொண்டாங்க. நான் பாத்துக்கறேன்."

அப்பா ஒரு மாதம் தட்டிக்கழித்தார். பிறகு மைத்துனன் மனம் நோகக் கூடாதென்று கொண்டுபோனார். நானும் போனேன். கடை முதலாளி அன்று இல்லை. மாமா காடியைத் தூக்கி நிறுத்தி, அடியில் இருந்து ஒரு பெட்டியை அறுத்து எடுத்து என்னிடம் காட்டினார். அதற்குள் தேன்கூடு மாதிரி பொடிப்பொடியாகத் துளைகள்.

"இது பொகைய சுத்தம் பண்ற பொட்டி. இதுதான் காத்த மறிக்குது" என்றார்.

"அத எடுத்தா ஒன்னும் ஆவாதா தம்பி?" என்று கேட்டார் அப்பா.

"என்ன ஆவும்? காடி நல்லா மூச்சு விடும், அவ்ளோதான்லா."

எனக்குப் புரியவைப்பதற்காக அவர் எதிர்க்கடையிலிருந்து ரோஸ் பால் வாங்கி வந்தார். பிளாஸ்டிக் பையில் கட்டி, உறிஞ்சும் குழல் சொருகிக் கொடுப்பார்களே, அது. குழலின் நடுவில் இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு, "இப்ப உறிஞ்சு" என்றார். கன்னம் குழிய உறிஞ்சினேன்; ஒரு சொட்டு வந்தது. விரலை எடுத்தார். வாய் நிறைய வந்து மூக்கில் ஏறிற்று. "பாத்தியா? இஞ்சினுக்கும் இதேதான். உள்ள எரிஞ்ச காத்து வெளிய போனாதான் புதுக் காத்து உள்ள வரும்" என்றார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் இப்படி யாராவது நடத்தியிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று அவர் முன்னிருந்து பின்வரை அகலமான புதுக்குழாய் ஒன்றைப் போட்டார். யாரோ பந்தயக்காரப் பையன் கழற்றிப் போட்டுவிட்டுப் போன குழாய். எங்கள் காடிக்குச் சரியான அளவு கிடைக்கும்வரை இது இருக்கட்டும் என்றார். சீக்கிரம் கழற்ற வேண்டியதுதானே என்று, பின்னிருக்கைக்கு நேர்கீழே வரும் இணைப்புக்கு வெல்டிங் வைக்காமல், இரும்பு வளையம் போட்டு இறுக்கிவிட்டார்.

அப்பா சாவியைத் திருப்பியதும் கடை அதிர்ந்தது. பக்கத்துக் கடையின் ஐந்தடி நடைபாதையில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. அப்பா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துவிட்டார். பதினைந்து வருடமாக முனகிக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று உறுமினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு மாமா வீட்டுக்குப் போகையில், மெர்போக் பக்கத்து மேட்டில் காடி ஏறவே மறுத்தது. சத்தம் மட்டும் மலையைப் பிளந்தது; சக்கரத்தில் வலு இல்லை. அம்மாவும் நானும் இறங்கி நடந்தோம். மாமா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். குழாய் தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டதாம். சின்னக் குழாயில் விரட்டிக்கொண்டு ஓடிய காற்று பெரிய குழாயில் சோம்பேறியாகிவிட்டதாம். அது வேகமாகப் போனால்தான் பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகுமாம்.

"அடைப்பு இருந்தப்ப ஏறுச்சு. அடைப்ப எடுத்தோன்ன நிக்குது. நல்ல வைத்தியம்டா ஒன்னோடது" என்றாள் அம்மா. மாமாவும் சேர்ந்து சிரித்தார். அம்மா திட்டினால் அவருக்குச் சாப்பாடு போட்ட மாதிரி.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தக் காடியில்தான் அப்பா என்னைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார். மூன்று தெரு தள்ளி வரும்போதே சத்தம் கேட்டுவிடும். என் வகுப்புப் பையன்கள் வாசலில் வரிசையாக நின்று, உதட்டைப் படபடவென்று அடித்துக்கொண்டு என்னை வரவேற்பார்கள். என் உயிர்த்தோழியே ஒருநாள், "ஒங்கப்பா கப்பல் வந்துருச்சு, போ" என்றாள். நான் அப்பாவைத் தொலைவிலேயே நிறுத்தச் சொல்லி நடக்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவரும் ஒருநாள் வேலிக்கு வந்து, வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். அப்பா அவரிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார்.

அந்த வாரக் கடைசியில் மாமா வீட்டுக்கு வந்தபோது நான் அழுதேன். அழுதேன் என்றால் சாதாரணமாக இல்லை. தரையில் உட்கார்ந்து, காலை உதறி, பள்ளிக்கே போக மாட்டேன் என்று அழுதேன். "சத்தம் வேணாம் மாமா. நீங்கதான போட்டீங்க, நீங்களே எடுங்க."

மாமாவால் என் அழுகையை மட்டும் தாங்க முடியாது. சரியான அளவுக் குழாய் வர இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றார். நான் இன்னும் பலமாக அழுதேன். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் ஒரு தகரத் தட்டோடு வந்தார். நடுவில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டிருந்தார். அதைக் குழாயின் வாயில் சொருகி ஸ்குரு வைத்து முடுக்கினார். அப்பா காடியைக் கிளப்பினார். அடடா, அந்த அமைதி! பெரியவர் வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

அம்மாதான் கேட்டாள்: "காடிக்கு மூச்சு முட்டாதாடா?"

"கொஞ்சம் முட்டும்க்கா. ரெண்டு வாரந்தான?"

போக வழியில்லாத காற்று சும்மா இருக்காது, வேறு வழி தேடும் என்பது அவருக்குத் தெரியும். தொழிலே அதுதான். ஆனால் ஒரு பிள்ளையின் அழுகையை நிறுத்திவிட்ட சந்தோஷத்தில் இருப்பவருக்குத் தெரிந்தது எதுவும் நினைவுக்கு வராது போலிருக்கிறது.

பிறகு காடிக்குள் ஒரு வாடை வர ஆரம்பித்தது. அம்மா வீட்டுப் பின்புறத்தில் இருந்த பாண்டான் இலையைக் கட்டுக்கட்டாக அறுத்து, பின்னிருக்கைக்கு மேலே வைத்தாள். வாடை அடங்கியது. ஒருநாள் பள்ளிக்குப் போகும் வழியில் நான் வாந்தி எடுத்தேன். காலையில் சாப்பிட்ட மீ கோரேங்கின் எண்ணெய்தான் காரணம் என்று முடிவாயிற்று. அப்பாவுக்கு அடிக்கடி தலைவலி வந்தது. வயசாகிறது என்றார். அவருக்கு அப்போது முப்பத்தெட்டு. குளிர்சாதனம் பெட்ரோலைத் தின்னும் என்று அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுவார். அதனால்தான் அந்த நாட்களை நாங்கள் தாண்டினோம்.

தேர்வு முடிவுப் புத்தகம் வாங்கும் நாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. விடியும்போதே மழை. அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு, இரவு வேலை முடிந்த அம்மாவைத் தொழிற்சாலை வாசலில் ஏற்றிக்கொண்டு, நேராகப் பள்ளிக்கு ஓட்டினார். கணக்கில் முப்பத்து நான்கு என்பது எனக்கு முன்பே தெரியும். ஆசிரியர் முன்னால் அம்மா என்னென்ன கேட்பாள், வீட்டுக்கு வந்து என்னென்ன செய்வாள் என்பதும் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் காடியை நிறுத்தியபோது மழை வலுத்திருந்தது. அம்மாவுக்குக் கண் செருகியது.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் ஒரு கண்ணு தூங்குறேன். டீச்சர் என்ன சொல்றாங்கன்னு ஒன்னு விடாம வந்து சொல்லணும்" என்றாள்.

எனக்கு அந்த மழையைக் கும்பிடத் தோன்றியது. அப்பா ஆசிரியர் முன்னால் தலையாட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியாதவர். என் புத்தகப் பையை எடுத்து அம்மாவுக்குத் தலைக்கு வைத்தேன். அவள் பின்னிருக்கையில் காலை மடக்கிப் படுத்தாள். மழையில் கண்ணாடியை இறக்க முடியாதே, புழுங்குமே என்று அப்பா இஞ்சினை அணைக்காமல், குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். அவருடைய வாழ்நாளில் பெட்ரோலைப் பற்றி யோசிக்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வரிசை நீளமாக இருந்தது. ஆசிரியர் சொன்னதற்கெல்லாம் அப்பா தலையாட்டினார். பிறகு சிற்றுண்டிச்சாலையில் எனக்கு நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தார். நான் மெதுவாகச் சாப்பிட்டேன். வேண்டுமென்றேதான். நெத்திலியை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றேன். ஒவ்வொரு நெத்திலிக்கும் அந்தப் புத்தகம் அம்மா கைக்குப் போவது கொஞ்சம் தள்ளிப்போகும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு மட்டும் எனக்குச் சரியாக வந்தது.

திரும்பி வந்தபோது காடியின் கண்ணாடியெல்லாம் பனி பூத்திருந்தது. அம்மா படுத்தபடியே இருந்தாள். முகம் லேசாகச் சிவந்து, எங்கேயோ கல்யாணத்துக்குப் புறப்பட்டவள் மாதிரி அழகாக இருந்தாள். அப்பா எழுப்பப் போனார்.

"எழுப்பாதீங்கப்பா, பாவம். ராத்திரி முழுக்க வேல செஞ்சிருக்காங்க" என்றேன்.

அப்பா என் தலையைத் தடவினார். பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று நினைத்திருப்பார்.

பத்து நிமிடம் ஓட்டியிருப்பார். சமிக்ஞை விளக்கில் நின்றபோது தலை சுற்றுகிறதென்று கண்ணாடியை இறக்கினார். மழை உள்ளே அடித்தது. அம்மாவின் முகத்திலும் அடித்தது. அவள் முகத்தைத் துடைக்கவில்லை. திரும்பவில்லை. அவளுடைய கை மட்டும் இருக்கையிலிருந்து நழுவித் தொங்கியது. என் புத்தகப் பையில் வாந்தி எடுத்திருந்தாள். அப்பா அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் அதற்குமுன் கேட்டதில்லை. "இந்தா" என்றுதான் கூப்பிடுவார்.

மருத்துவமனையில் அம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு போய் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிக் காற்றுக்குழாய் வைத்தார்கள். ஒரு டாக்டர் வெளியே வந்து, காடி இஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா, கண்ணாடி மூடியிருந்ததா என்று மலாயில் கேட்டார். புகையில் வாசனையே இல்லாத ஒரு விஷம் இருக்கிறது, அதுதான் ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று விளக்கினார். அப்பா அங்கேயும் தலையாட்டினார்.

மாமா மழையில் நனைந்துகொண்டு மோட்டாரில் வந்து சேர்ந்தார். அப்பா சொன்னதைப் பாதிவரை கேட்டார். உடனே வெளியே ஓடினார். நான் பின்னாலேயே போனேன். வண்டிகள் நிறுத்துமிடத்தில், தேங்கிய தண்ணீரில் மல்லாந்து படுத்து, எங்கள் காடிக்கு அடியில் நுழைந்தார். இடுப்புக்குக் கீழேதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கால்கள் வெகுநேரம் அசையவே இல்லை. வெளியே வந்தபோது விரல்களெல்லாம் கரி. இரும்பு வளையம் போட்டிருந்த இணைப்பைச் சுற்றிப் படிந்திருந்த கரி அது. தரையின் ஓட்டைக்கு நேர்கீழே இருந்த இணைப்பு. அவர் தண்ணீரிலேயே உட்கார்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தகரத் தட்டைக் கையாலேயே பிய்த்து எடுத்தார். உள்ளங்கை கிழிந்தது.

"மாமா, நான்தான சத்தம் வேணாம்னு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் ஈரக்கையால் என் வாயைப் பொத்தினார். "நீ ஒன்னும் சொல்லல. யாரு கேட்டாலும் நீ ஒன்னும் சொல்லல. வெளங்குதா?"

அவர் வாயைப் பொத்தியதில் எனக்குக் கோபம் வந்தது. தன் தப்பை மறைக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். உள்ளே போய் அவர் அப்பாவிடம், தட்டை வைத்தது தன் யோசனை, யாரும் கேட்கவில்லை, சும்மா செய்து பார்த்தேன் என்று சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன். அப்பா அடிக்கவில்லை. "இனிமே என் வாசல்ல கால வைக்காத" என்று மட்டும் சொன்னார். அழுதது நான்தான் என்பது அப்பாவுக்கும் தெரியும். வீடே அதிர அழுதிருக்கிறேனே. இருந்தாலும் அந்தப் பொய்யை இருவரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஏற்றுக்கொண்டார்கள்.

மறுநாள் மத்தியானம் அம்மா கண் விழித்தாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வறண்ட குரலில் அவள் கேட்ட முதல் கேள்வி: "கணக்குல எவ்ளோ?"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். தாதி அறைக்கு வெளியே போய் இன்னொரு தாதியிடம் சொன்னாள். எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா முழுதாகத் திரும்பி வந்துவிட்டாள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த அறையில் மகிழ்ச்சியில்லாத ஒரே ஆள் நான். முப்பத்து நான்கு என்று சொன்னேன். "வீட்டுக்கு வந்து வச்சிக்கிறேன்" என்றாள்.

சொன்னபடியே வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கணக்கு. கோயிலில் அபிஷேகம் நடந்தது. பக்கத்து வீட்டிலிருந்து கோழிக்கஞ்சி வந்தது. தொழிற்சாலையிலும் பகல் வேலைக்கே மாற்றிக் கொடுத்தார்கள். இன்னும் ஒரு மாதம் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், மறதி வந்தாலோ நடை மாறினாலோ உடனே கொண்டுவாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியதை அப்பா என்னிடம் பிற்பாடு, வருடங்கள் கழித்துத்தான் சொன்னார். அன்று அவர் அதை ஒரு மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆள்தான் முழுதாக எழுந்து உட்கார்ந்து கணக்குக் கேட்டாளே.

மூன்று வாரம் அப்படிப் போயிற்று. நாலாவது வாரத்தில் ஒருநாள் என் பைக்குள் இரண்டு சாப்பாட்டு டப்பா இருந்தது. இரண்டிலும் அதே சோறு. ஒன்றைத் தோழிக்குக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் அம்மா என் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பக்கங்களைத் திருப்பினாள், திருப்பினாள், கடைசியில் சிரித்துவிட்டு, "நீயே செய்யி" என்றாள். நான் செய்யவில்லை. அவள் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. தேர்வு முடிவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க நீட்டினேன்; பார்க்காமலே போட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்தாள். சிரிக்க வேண்டிய இடம் முடிந்த பிறகு சிரித்தாள். குளிர்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் வெளிச்சத்தில் நின்றாள். பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். அது எனக்கு விளையாட்டாக இருந்தது. நானும் பின்னால் அதே மாதிரி நடந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து எங்கம்மா ரொம்ப நல்லவங்களாயிட்டாங்க என்று தோழியிடம் சொன்னேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

அப்பா அப்போது கூடுதல் நேர வேலை செய்து களைத்து வருவார். சாப்பாட்டில் உப்பு இரண்டு தடவை விழுந்திருக்கும், பேசாமல் தின்றுவிடுவார். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா பகல்ல எப்படி இருக்காங்க? ஒரு மாதிரியா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. நல்லாத்தான் இருக்காங்க" என்றேன்.

ஏதாவது சொன்னால் கணக்குத் திரும்பி வந்துவிடும்.

ஒரு வாரம் கழித்துத் தொழிற்சாலையிலிருந்து அப்பாவை அழைத்தார்கள். அம்மா கையுறைப் பெட்டிகளுக்கு முன்னால் இரண்டு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாளாம். அப்பா அவளைக் கூட்டி வந்து வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு நாளில் மருத்துவமனைக்குப் போகலாம் என்று சொன்னார். போனார்கள். அதற்குப் பிறகும் பல வருடம் போனார்கள். சில பேருக்குத் திரும்பும், சில பேருக்குத் திரும்பாது என்றார்கள். அம்மா இன்றும் இருக்கிறாள். குளிப்பாட்டினால் குளிப்பாள், ஊட்டினால் சாப்பிடுவாள், கையைப் பிடித்தால் கூட வருவாள். அப்பா அந்தக் காடியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, வேலையை விட்டு, அம்மாவுக்குச் சடை பின்னக் கற்றுக்கொண்டார். மாமா ஜொகூருக்குப் போனார். எக்ஸோஸ் கடையில் இல்லை, ஏதோ கட்டட வேலை. தீபாவளிக்குத் தொலைபேசியில் கூப்பிடுவார். "அக்கா பக்கத்துல ஃபோன வையி, பேச வேணாம், மூச்சு விடறது கேட்டா போதும்" என்பார். எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்த பிறகு ஒருமுறை அவரிடம், "மாமா, அன்னிக்கு அழுதது நான்தான்" என்று சொல்லிப் பார்த்தேன். "அப்படியெல்லாம் ஒன்னும் நடக்கல பாப்பா" என்றார்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது, தொழிற்சாலையிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டி வந்து விட்டாரே, அதற்கு மறுநாள் மத்தியானத்தைப் பற்றி.

பள்ளி விட்டு வந்தேன். நல்ல வெயில். அம்மா உள்ளே, இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். தலை கலைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மரியாதையாகச் சிரித்தாள்.

"யாரும்மா வேணும்?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "யாரு வீட்டுப் புள்ள நீ?" என்றாள்.

இந்தப் புது அம்மா விளையாடவும் செய்கிறாளே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டேன். "பக்கத்துத் தாமான்ல இருக்கேன் ஆன்ட்டி. தண்ணி வேணும்."

அவள் கதவைத் திறந்தாள். விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் பூப்போட்ட கண்ணாடிக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதை நான் தொட்டாலே திட்டுவாள். வெளியே நின்றபடியே குடித்தேன்.

"பேரு என்னம்மா?"

"கவிதா" என்றேன். என் தோழியின் பெயர்.

"நல்ல பேரு" என்றாள் அம்மா. குவளையை வாங்கிக்கொண்டாள். புடவைத் தலைப்பைத் தேடினாள்; அன்று புடவை கட்டாததால், என் நெற்றியில் வழிந்த வியர்வையைக் கையாலேயே துடைத்தாள். "வெயில்ல சுத்தாத. ஒங்கம்மா தேடுவாங்கல்ல? நேரத்தோட வீட்டுக்குப் போ, கண்ணு."

கதவைச் சாத்தினாள். பூட்டும் சத்தம் கேட்டது.

நான் காலணி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சிரிப்பு வெளியே கேட்காமல் இருக்க இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் எப்படியும் சிரித்துவிடுவாள், கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுவாள், அதுவரைக்கும் நான் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் தோற்றுவிடுவேன் என்று, சாயங்காலம் அப்பா வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.